தென்னை ஓலைக்கு அடியில் கறுப்புப் புள்ளி: மருந்து அடிக்கவா, விடவா?

வண்ணாமடைக்காரன் (ஞாயிறு, காலை 7.40)
எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நமக்குத் தோட்டம். நான்கு ஏக்கர் தென்னை, வேலியோரம் பதினோரு மாமரம். தென்னையில் சுருள் வெள்ளை ஈ மறுபடியும் வந்துவிட்டது. கீழ் மட்டை எல்லாம் கரி பிடித்த தோசைக்கல் மாதிரி. மரத்தடியில் வண்டியை நிறுத்தினால் சீட்டு பிசுபிசு என்று ஒட்டுகிறது. நேற்று ஒரு கீற்றைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை மெழுகுச் சுருளுக்கு நடுவில் கறுப்பு கறுப்பாகப் புள்ளிகள், கடுகைவிடச் சின்னது. போன தடவை இது இல்லை. புது நோயா? மருந்துக் கடையில் கேட்டால் ஒரு பாட்டிலை எடுத்து வைத்து, "இதை அடிங்க, மூணே நாள்" என்கிறார். விலையைக் கேட்டுவிட்டு யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இன்னொன்று, மாமரத்தில் புல்லுருவி ஏறிவிட்டது. நம்ம தோட்டத்து ஆள் இத்திக்கண்ணி என்கிறார். மொத்தமாக வெட்டச் சொல்கிறார் அம்மா. வெட்டினால் பாதி மரம் போய்விடும் போலிருக்கிறது.

பூச்சிவாத்தியார் (காலை 8.15)
தம்பி, பாட்டிலை வாங்காமல் வந்தது நல்ல காரியம். அந்தக் கறுப்புப் புள்ளி நோய் இல்லை. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் வேறொரு உயிர் குடியிருக்கிறது என்று அர்த்தம். என்கார்சியா என்ற குளவி. குளவி என்றதும் கொட்டும் குளவியை நினைக்காதீர்கள். இது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெள்ளை ஈக் குஞ்சுக்குள் முட்டை வைக்கும். உள்ளே பொரிக்கும் புழு அந்தக் குஞ்சை உள்ளிருந்தே தின்று வளரும். அப்போது குஞ்சின் ஓடு கறுத்துவிடும்.

பேரன் பேத்தி பள்ளிக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காலியான ஓட்டைப் பாருங்கள். ஆங்கில 'டி' எழுத்து மாதிரிக் கிழிந்திருந்தால் அதிலிருந்து வெள்ளை ஈ வெளியே போயிருக்கிறது. ஊசியால் குத்தினது மாதிரி வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி போயிருக்கிறது. கீற்றுக்கு எத்தனை வட்டம், எத்தனை 'டி' என்று எண்ணிவிட்டு வாருங்கள், அப்புறம் மருந்தைப் பற்றிப் பேசலாம்.

மீனாட்சிபுரம்_டீக்கடை (காலை 8.31)
வாத்தியாரய்யா, அந்தக் குளவியை யார் கொண்டுவந்து விட்டது? இந்த ஈயே வெளிநாட்டுச் சரக்கு என்கிறார்களே.

பூச்சிவாத்தியார் (காலை 9.02)
சரக்கேதான். நடு அமெரிக்காவில் பெலீஸ் என்ற குட்டி நாட்டுத் தென்னையிலிருந்து எடுத்து 2004-ல் இதற்குப் பெயர் வைத்தார்கள். இந்தியாவில் முதலில் கண்டது 2016-ல் நம்ம பொள்ளாச்சியில். அதை ஒட்டியே பாலக்காட்டுப் பக்கமும். குளவியை யாரும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவரவில்லை. ஈயைத் தேடி ஆராய்ச்சிக்காரர்கள் தோப்புக்குள் இறங்கியபோது அது ஏற்கெனவே ஓலையில் வேலை செய்துகொண்டிருந்தது. கள்ளன் வந்த வண்டியிலேயே போலீசும் தொற்றிக்கொண்டு வந்த மாதிரி.

பப்பாளி மாவுப்பூச்சி கதை வேறு. அது 2008-ல் கோயம்புத்தூரில் தலைகாட்டி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. அதற்கு மட்டும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் என்ற குளவியை 2010-ல் முறையாக வரவழைத்து விட்டார்கள். கொஞ்ச நாளில் அடங்கியது. மருந்தால் ஆகாதது அது.

ஊட்டறைக்காற்று (காலை 10.20)
எங்கள் தோப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கடைக்காரர் சொல்லித் தெளித்தோம். ஒரு வாரம் வெள்ளை ஈயே இல்லை. இரண்டாம் மாதம் முன்பைவிட இரட்டிப்பாக வந்தது. ஈயில் கொஞ்சம் தப்பிவிட்டது. குளவி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பணம் போனது கிடக்கட்டும், தேங்காய் வெட்டுக்காரர் மட்டையைத் தொடவே மாட்டேன் என்றார், அப்படி ஒட்டும். அதற்கு அப்புறம் மஞ்சள் ஒட்டுப்பொறி, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவது, கரி படிந்த இடத்துக்கு மைதாக் கஞ்சி, இவ்வளவுதான். கஞ்சி காய்ந்து உரியும்போது கரியும் சேர்ந்து உரிந்துவிடும். கறுப்புக் குஞ்சு உள்ள ஓலையை வெட்டி, குளவி இல்லாத மரத்தில் கட்டித் தொங்கவிட்டாலும் போதும்.

மீனாட்சிபுரம்_டீக்கடை (காலை 10.44)
ஒரு சந்தேகம், தப்பாக நினைக்க வேண்டாம். உழைக்காமல் தின்கிறவனைத்தானே புல்லுருவி என்று திட்டுகிறோம். ஒட்டுண்ணி என்றாலே கெட்டது என்றுதான் பள்ளியில் படித்தேன். இங்கே ஒட்டுண்ணியைக் காப்பாற்றுங்கள் என்கிறீர்கள்.

நெம்மாறை_பாபு (காலை 11.30)
நல்ல ஒட்டுண்ணி வீட்டுக்காரனைக் கொல்லாதுங்க. கொன்றால் தனக்கு வீடு ஏது? அதனால்தான் எந்த நோயும் பழகப் பழக சாதுவாகிவிடும் என்பார்கள். கொரோனாவையே பாருங்களேன். இயற்கை எல்லாவற்றையும் சமன் செய்துவிடும்.

பூச்சிவாத்தியார் (பகல் 12.25)
பாபு, நீங்கள் சொன்னது ஒரு காலத்தில் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. ஆனால் நம்ம என்கார்சியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வீட்டுக்காரனை விட்டுவைக்கிறதா? ஒவ்வொரு தடவையும் கொல்கிறது. குஞ்சு சாகாமல் குளவி வெளியே வர வழியில்லை. அப்படியும் கோடிக்கணக்கான வருஷமாகக் குளவிக் குடும்பம் தழைத்துத்தான் இருக்கிறது, ஏனென்றால் வளர்ந்த குளவி பறந்து போய் அடுத்த குஞ்சைத் தேடிக்கொள்ளும். பழைய வீடு இடிந்தால் அதற்கென்ன?

ஆக, கேட்க வேண்டியது "கொல்லுமா, கொல்லாதா" என்பதை இல்லை. "அடுத்த வீட்டுக்கு எப்படிப் போகிறது?" என்று கேளுங்கள். போகிற வழியைப் பொறுத்துத்தான் குணம்.

இதற்கு நல்ல சாட்சி ஆஸ்திரேலியாவின் முயல்கள். வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்ட முயல் பெருகி மேய்ச்சல் நிலத்தையெல்லாம் மொட்டையடித்தது. 1950-ல் மிக்சோமா என்ற வைரஸைப் பரப்பிவிட்டார்கள். அதைப் பரப்பியது கொசு. முதலில் விட்ட வைரஸ் ஆயிரம் முயலுக்கு வந்தால் இரண்டுதான் பிழைக்கும் என்ற அளவுக்குக் கொடியது. ஃபிராங்க் ஃபென்னர் என்ற அறிஞர் வருஷா வருஷம் காட்டு முயலிலிருந்து வைரஸை எடுத்து, இதுவரை நோயே பார்க்காத ஆய்வக முயலில் சோதித்தார். சில வருஷத்திலேயே நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூற்றைந்து வரை கொல்லும் ரகங்கள்தான் அதிகம் கிடைத்தன. காரணம் இரக்கம் இல்லை. சீக்கிரம் செத்த முயலைக் கொசு கடிப்பதில்லை. ரொம்ப சாதுவான ரகமாக இருந்தால் முயலின் தோலில் கொசு வாய்க்கு ஒட்டும் அளவு வைரஸ் இருக்காது. நடுவில் இருந்தது ஜெயித்தது.

நெம்மாறை_பாபு (பகல் 12.40)
அதைத்தானே நானும் சொன்னேன்! சாதுவாகிவிட்டது பாருங்கள்.

பூச்சிவாத்தியார் (பகல் 1.05)
எழுபது சதவீதம் சாவு உங்களுக்குச் சாதுவா? சரி, மீதிக் கதையையும் கேளுங்கள். முயலும் சும்மா இருக்கவில்லை. தப்பிப் பிழைத்தவைதானே குட்டி போட்டன, அந்தக் குட்டிகளுக்கு எதிர்ப்புச் சக்தி ஏறிக்கொண்டே போனது. அப்படி ஏறியதும் வைரஸ் பக்கமும் திரும்ப மாறியது. 1990-களில் எடுத்து வைத்த ரகங்களை ஆய்வக முயலில் மறுபடி சோதித்து 2017-ல் எழுதினார்கள். எதிர்ப்புச் சக்தியையே முடக்கிப்போடும் புதுவகைக் கொடூரம் அவற்றில் இருந்தது. முயல் ஒரு அடி வைத்தால் வைரஸ் ஒரு அடி வைக்கும். இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கும், முந்தியவர் யாரும் இல்லை. லீ வான் வேலன் என்ற அறிஞர் 1973-ல் இதைத்தான் 'சிவப்பு ராணி' என்ற கதைப் பாத்திரத்தின் பெயரில் சொன்னார். சமன் என்பது தராசு நின்ற மாதிரி. இது செக்கு சுற்றுகிற மாதிரி.

ஆனைகட்டி_அக்கா (பிற்பகல் 2.50)
செவிலியர் வேலையில் அட்டப்பாடிப் பக்கம் இருந்தவள் நான். முயலை ஏன் தேடிப்போக வேண்டும், மனுஷனுக்குள்ளேயே இது நடந்திருக்கிறது. எங்கள் மலையில் சிலருக்கு அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும். பெற்றோர் இரண்டு பேரிடமிருந்தும் அந்த ஜீன் வந்தால் குழந்தை மூட்டுவலியில் துடிக்கும், பார்க்க முடியாது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதோடு கொடிய மலேரியாவிலிருந்து பெரிய அளவுக்குப் பாதுகாப்பு. ஆப்பிரிக்காவில் ஆந்தனி அலிசன் 1954-ல் இதைக் காட்டினார். நம் நாட்டில் முதலில் கண்டது 1952-ல் நீலகிரிப் பழங்குடியினரிடம். மலேரியா ஒட்டுண்ணி எத்தனை தலைமுறையாக இந்த மலையடிவாரத்தில் வரி வசூலித்திருக்கிறது என்பதற்கு அந்த ரத்தமே கணக்குப் புத்தகம். வெளியூர்க்காரர்கள் இதை 'அவங்க நோய்' என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வரும்.

மீனாட்சிபுரம்_டீக்கடை (மாலை 4.10)
அக்கா, கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. போகிற வழி என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம். எங்கள் பாட்டி சேர்த்தலையில் கொஞ்ச காலம் இருந்தார். யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்க ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வருவார்களாம். தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்துவார்களாம். பகலில் வந்தால் என்ன குறைந்துவிடும் என்று பாட்டி திட்டுவார்.

ஆனைகட்டி_அக்கா (மாலை 4.35)
பகலில் வந்தால் ஒன்றும் தெரியாது, அதனால்தான்! அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரல் ரத்தக்குழாய்க்குள் பதுங்கிக் கிடக்கும். நடுராத்திரியை ஒட்டித்தான் தோல் பக்கத்து ரத்தத்துக்கு வரும், அப்போதுதான் கொசு கடிக்கும். அதுவே பசிபிக் தீவுகளில் சில இடத்தில் பகலில் கடிக்கிற ஏடிஸ் கொசு பரப்புகிறது. அங்கே குஞ்சுகள் பகலில்தான் அதிகம் வெளியே வரும். நம்ம நிக்கோபாரிலும் அந்த ரகம் உண்டு. வண்டி வரும் நேரத்துக்குப் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிற ஆள் மாதிரி. பாட்டி இருந்த சேர்த்தலையில் பரப்பியது மான்சோனியா கொசு. அந்தக் கொசுவின் புழு ஆகாயத்தாமரை வேரைத் துளைத்து மூச்சு வாங்கும். குளத்தில் அந்தத் தாமரையை வாரினால் கொசுவும் குறையும்.

நரம்புச் சிலந்தி இன்னும் மோசம். பெயர்தான் சிலந்தி, அதுவும் உடம்புக்குள் வளரும் ஒரு புழு. காலில் கொப்புளம் போட்டுத் தீயாய் எரிய வைக்கும். எரிச்சல் தாங்காமல் ஆள் கிணற்றுப்படியில் காலை நனைப்பார். தண்ணீர் பட்டதும் குஞ்சுகளைக் கக்கிவிடும். எரிய வைப்பதே அதற்கு வழி. அந்தக் கிணற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தவருக்கு அடுத்த வருஷம். இந்தியாவில் கடைசியாக வந்தது 1996-ல்.

பூச்சிவாத்தியார் (மாலை 5.00)
அக்கா சொன்ன யானைக்கால் புழுவுக்குள்ளேயும் ஒரு குடித்தனக்காரன் உண்டு, வோல்பாக்கியா என்ற பாக்டீரியா. அது இல்லாவிட்டால் புழு குஞ்சு பொரிக்காது. அதனால் டாக்ஸிசைக்ளின் கொடுத்துப் பாக்டீரியாவைக் கொன்றால் புழு மலடாகிவிடும். இதே வோல்பாக்கியா சாதி கண்ணாடிக்குடில் வெள்ளை ஈயைத் தாக்கும் ஒரு என்கார்சியா இனத்தில் வேறு வேலை செய்கிறது: ஆண் துணை இல்லாமலே பெண் குளவிகள் பெண்களையே பெறும்படி வைத்திருக்கிறது. ஏனென்றால் அது தாயின் முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆண் பிறந்தால் அதற்கு முட்டுச்சந்து. புழுவுக்கு நண்பன், குளவி வீட்டில் ஆண்களே கிடையாது. ஒரே ஆள்தான், போகிற வழியும் ஒன்றேதான். பாபு, இதில் எதை நல்லது என்பீர்கள்?

காக்காகூடு (மாலை 6.12)
நீங்கள் எல்லாம் புழு பூச்சி என்று போகிறீர்கள். எங்கள் வீட்டுத் தென்னையில் காக்கை கூடு. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும். நாலு முட்டையில் ஒன்று சின்னது, நிறமும் கொஞ்சம் வேறு. குயில் வேலை. காக்கைக்குத் தெரியவே இல்லையா, இல்லை தெரிந்தும் விட்டுவிட்டதா? தூக்கி வெளியே போட்டால் என்ன?

பூச்சிவாத்தியார் (மாலை 6.40)
தூக்கி எறிகிற காக்கை, தப்பித் தவறித் தன் முட்டையை எறிந்தால் நஷ்டம் அதற்குத்தான். குயிலின் வருகை எத்தனை கூட்டில் ஒன்று என்பதைப் பொறுத்து, பேசாமல் இருப்பதே சில சமயம் லாபம். இன்னொன்று, நம்ம குயில் குஞ்சு ஐரோப்பியக் குயில் குஞ்சு மாதிரி மற்ற முட்டைகளை முதுகில் ஏற்றித் தள்ளுவதில்லை. முன்னாலேயே பொரித்துக்கொண்டு, சத்தம் போட்டு அதிகமாக வாங்கித் தின்றுவிடும். காக்கைக் குஞ்சில் சிலது தேறும், சிலது தேறாது.

ஸ்பெயினில் ஒரு வேடிக்கை. அங்கே காக்கைக் கூட்டில் முட்டையிடும் புள்ளிக்குயிலின் குஞ்சு, பயந்தால் நாறும் திரவத்தைப் பீய்ச்சும். அதை முகர்ந்த பூனை, பருந்து எதுவும் கூட்டை அண்டாது. எதிரிகள் அதிகமாக இருக்கும் வருஷங்களில் குயில் குஞ்சு உள்ள கூட்டில்தான் காக்கைக் குஞ்சும் அதிகம் பிழைத்தது என்று 2014-ல் கண்டார்கள். எதிரி இல்லாத வருஷத்தில் அது வெறும் சுமை.

காக்காகூடு (மாலை 6.52)
காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். யார் குஞ்சு என்றுதான் கேட்கவில்லை போல.

ஊட்டறைக்காற்று (இரவு 8.05)
இந்தச் சர்ச்சையில் கேரளா வாடல் நோயை யாரும் எடுக்கவில்லையே. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் மரத்தை வெட்டிச் சாய்த்தவர்களுக்கு அதுதான் பெரிய பேச்சு. பைட்டோபிளாஸ்மா என்ற கிருமி. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்பும். வாத்தியார் சொன்ன கணக்குப்படிப் பார்த்தால் எனக்கு இது புரிகிறது: மரத்தை அது சட்டென்று கொல்வதில்லை. ஓலை வளைந்து, மஞ்சளாகி, காய் சிறுத்து, வருஷக்கணக்கில் நிற்க வைக்கும். பச்சை ஓலை இருந்தால்தானே பூச்சி வந்து உறிஞ்சி, பக்கத்து மரத்துக்குப் போகும். பட்டுப்போன மரம் அதற்கும் உதவாது. அதனால்தான் நோய் பிடித்து நிற்கிற மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். காய்க்கிற மரத்தை வெட்ட யாருக்கு மனசு வரும் என்பது வேறு கதை.

இன்னொரு கொடுமை, தென்னை ஒரு தலைமுறை வைக்க வருஷக்கணக்காகும். அதற்குள் கிருமி எத்தனை தலைமுறை போகும்! ஓட்டப்பந்தயத்தில் ஆமையும் முயலும். அதனால் மனுஷன் இடையில் புகுந்தான். காயங்குளத்தில் தென்னை ஆராய்ச்சிக்காரர்கள், எல்லா மரமும் நோயில் வாட, ஒன்றிரண்டு மட்டும் தெம்பாக நிற்கிற தோப்புகளைத் தேடி, அந்த மரங்களிலிருந்து கல்பஸ்ரீ, கல்பசங்கரா என்று புது ரகங்களை எடுத்தார்கள். இயற்கை நூறு வருஷத்தில் செய்வதைக் கொஞ்சம் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

நெம்மாறை_பாபு (இரவு 8.30)
நான் 'சமன்' என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கொரோனா விஷயத்தில் மட்டும் என் கருத்து அப்படியே.

பூச்சிவாத்தியார் (இரவு 8.41)
கொரோனாவில் டெல்டா, முந்தியதைவிடக் கொடியதாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு ஓமிக்ரான் வந்தபோது நம் உடம்பில் தடுப்பூசியும் பழைய தொற்றும் இருந்தன. ஆட்டக்காரர் இருவரும் மாறியபின் ஒருவரை மட்டும் பார்த்து 'சாதுவாகிவிட்டான்' என்று சொல்ல முடியாது. இதோடு விடுவோம், இழை தோப்பைப் பற்றியது.

நிர்வாகி (இரவு 8.50)
நன்றி வாத்தியாரே. கொரோனாவுக்குத் தனி இழை இருக்கிறது.

சித்தூர்ப்புழை (திங்கள், காலை 6.20)
மாமரத்துப் புல்லுருவியை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். பறவை பார்ப்பவன்.

புல்லுருவிக்குத் தன் இலையில் பச்சையம் உண்டு, சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும். தண்ணீரும் உப்பும் மட்டும் மரத்திலிருந்து இழுக்கும். அதற்காக மரத்தைவிட வேகமாக ஆவி விடும். கிளை நுனி காய்வது அதனால்தான். பரப்புவது பூக்கொத்தி, கட்டைவிரல் அளவுக் குருவி. பழத்தை விழுங்கினால் சில நிமிஷத்தில் விதை மறுபக்கம் வந்துவிடும், பசை ஒட்டிக்கொண்டு. உதற முடியாமல் குருவி பின்பக்கத்தைக் கிளையில் தேய்க்கும். அங்கேயே விதை முளைக்கும். பழம் இருக்கும் மரத்துக்கே குருவி திரும்பத் திரும்ப வருவதால், ஏறிய மரத்திலேயே மேலும் ஏறும். நீலகிரியில் ப்ரியா டேவிதார் பார்த்தது இன்னும் அழகு: சில புல்லுருவிகளில் மொக்கும் பழமும் ஒரே மாதிரி இருக்கும். பழம் தேடி வந்த குருவி மொக்கை அழுத்தினால் பூ வெடித்துத் திறந்து மகரந்தம் முகத்தில் அப்பும். ஒரே குருவிக்கு இரண்டு வேலை.

மரம் செத்தால் புல்லுருவிக்கும் முடிவு, குருவியும் வராது. அது மரத்தை நீண்ட நாள் நிறுத்தி வைக்கவே 'விரும்பும்', மரத்தின் விளைச்சலைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. வண்ணாமடை அண்ணா, காய்ப்புக் கிளையில் இருப்பதை ஒட்டின இடத்துக்கு ஒரு அடி கீழே கிளையோடு வெட்டுங்கள். சுரண்டி எடுத்தால் மிச்ச வேரிலிருந்து துளிர்க்கும். ஆனால் ஒன்றிரண்டை உயரத்தில் விட்டுவையுங்கள். ஆஸ்திரேலியாவில் டேவிட் வாட்சன் குழு சோதனைக்காகப் பல சிறு காடுகளிலிருந்து புல்லுருவியை அகற்றிப் பார்த்தது. மூன்று வருஷத்தில் பறவை இனங்களில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஜெசபெல் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கும் இந்தச் செடிதான் சோறு.

ஊட்டறைக்காற்று (காலை 7.05)
அம்மாவிடம் இதைச் சொல்லப் போகிறவர் யார்?

வண்ணாமடைக்காரன் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 9.15)
மன்னிக்கவும், மாங்காய் ஏற்றுமதி வேலையில் வரமுடியவில்லை. பேரனை உட்காரவைத்து எண்ணினோம். அவன் 'வட்டம்', 'டி' என்று கத்த நான் நோட்டில் கோடு போட்டேன். ஒரு கீற்றில் முப்பத்தெட்டு வட்டம், பதினான்கு 'டி'. கிழக்கு ஓரத்து மரத்தில் மட்டும் எல்லாமே 'டி'. அங்கே கறுப்புக் குஞ்சு உள்ள ஓலை நாலு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். கரி போகவில்லை, புதிதாக விரிந்த குருத்தோலை மட்டும் சுத்தமாக இருக்கிறது. பாட்டில் வாங்கவில்லை.

புல்லுருவி ஏழு கிளை வெட்டியாகிவிட்டது. உயரத்தில் ஒன்றை விட்டிருக்கிறேன். அம்மாவிடம் ஏணி எட்டவில்லை என்று சொல்லியிருக்கிறேன். தினமும் காலையில் அங்கே ஒரு குட்டிக் குருவி டிக் டிக் என்று கத்துகிறது. சித்தூர்ப்புழை, இதுதானா அந்தப் பூக்கொத்தி?

சித்தூர்ப்புழை (காலை 9.22)
அலகு வெளிறி, வளைந்திருந்தால் அதுவே. ஏணி எட்டாது என்று அம்மா நம்பும்வரை இருக்கும்.